ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கொதித்த கார்

முதல் தடவை கொதித்தபோது தாம்பரம் சானடோரியம் பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தோம். ஸ்டியரிங்கில் நான், பக்கத்து சீட்டில் அப்பா. வகுப்பில் தூங்கும் பையன் பெயரைக் கேட்டதும் விறைத்து எழுவானே, அப்படி எழுந்தது சூடு காட்டும் முள். எழுந்தது நிற்காமல் சிவப்புக் கோட்டையும் தாண்டிப் போனது. பானட்டின் இரண்டு ஓரங்களிலிருந்தும் வெள்ளையாகக் கிளம்பியது.

"புகை வருதுடா," என்றார் அப்பா.

"புகை இல்லப்பா, ஆவி."

மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடமாக இயற்பியல் எடுக்கிறவன் நான். வண்டியே எரிந்தாலும் கலைச்சொல் சரியாக இருக்க வேண்டும்.

"தண்ணி ஃபுல்லாதான் இருக்கு," என்றார் அவர். அதை ஒரு வயதானவரின் பொதுக் கருத்தாக எடுத்துக்கொண்டேன். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கதையில் எனக்குத் தோன்றாமல் போனவை இன்னும் நிறைய வரும்.

அரை மணி நேரம் காத்திருந்து, ஈரத் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். டீக்கடையில் வாங்கிய இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றி, கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு மூடியை இறுக்கி மூடினேன். அப்புறம் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. ஆனால் ஐந்தரை மணி பிசியோதெரபி அதற்குள் போய்விட்டது.

போனது சாதாரண விஷயமில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு தப்பித்தது. கால் ஓரளவு தப்பித்தது, வாக்கரைப் பிடித்து நடப்பார். வலது கை மட்டும் யாருடைய கையோ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம். வர்றது பெரும்பாலும் அதுக்குள்ள வந்துடும். ஒரு நாள்கூட விடாதீங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய், வியாழன், சனி, மாலை ஐந்தரை. இடம் மேற்குத் தாம்பரம். எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடி. லிஃப்ட் உண்டு.

வாடகை கார் வைத்துக்கொள்ளலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். வைத்துப் பார்த்தோம். முதல் காரில் சீட் பள்ளத்தில் இருந்தது. அவரைக் கிணற்றிலிருந்து தூக்குவதுபோல நானும் டிரைவரும் வெளியே எடுத்தோம். அடுத்தது உயரம், அதில் ஏற்றவே முடியவில்லை. எங்கள் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அழகு என்று யாரும் சொன்னதில்லை, பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் அதன் முன்சீட் சரியாக அப்பாவின் இடுப்பு உயரம். கதவைத் திறந்தால் அவர் பின்பக்கமாக உட்கார்ந்து, காலைச் சுழற்றி உள்ளே வைத்துவிடுவார். யாரும் தொட வேண்டாம். அது அவர் வாங்கிய கார், அவரே பத்து வருடம் ஓட்டியது. சாவியும் இன்றுவரை அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். நான் கேட்டு வாங்கித்தான் ஓட்டுவேன்.

ஆக, வண்டி ஓடினால் கைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நின்றால் இல்லை.

அதே வாரம் வியாழனும் கொதித்தது. சனிக்கிழமை பம்மலில் எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

"எப்போ சார் கொதிக்குது?"

"சில சமயம்."

"சில சமயம்னா?"

"எப்போன்னு தெரிஞ்சா நான் ஏங்க இங்க வர்றேன்?"

இஞ்சினை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் பார்த்தார். முள் பாதியில் நின்றது, அசையவில்லை. "என் கைல பாரு சார், பால் குடிச்ச கொயந்த மாதிரி கீது. உன்னாண்டதான் பேஜார் பண்ணுது," என்றார். கடைசியில் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வின் மேல் பழி விழுந்தது. சூட்டுக்குத் தகுந்த மாதிரி தண்ணீரைத் திறந்துவிடுவது அதன் வேலை. "இதெல்லாம் குளிர் ஊருக்கு வெச்சது சார். நமக்கு இன்னாத்துக்கு?" என்று கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அந்த வாதத்துக்கு இயற்பியல்படி என்னிடம் மூன்று ஆட்சேபங்கள் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. கையில் ஸ்பேனர் வைத்திருப்பவரிடம் நான் தத்துவம் பேசுவதில்லை.

அடுத்த வாரம் மூன்று நாளும் வண்டி தேராக ஓடியது. மெக்கானிக்கை மேதை என்று வீட்டில் அறிவித்தேன். அதற்கடுத்த செவ்வாய் மறுபடியும் கொதித்தது.

இனி இதை முறையாக அணுகுவது என்று முடிவெடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். கிளம்பிய நேரம், வெளியே வெயில், பெட்ரோல் அளவு, மாட்டிய சிக்னல்கள், ஏ.சி. உண்டா இல்லையா, யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த வாட்ச்மேன் கேட் திறந்தார், எல்லாவற்றையும் எழுதினேன். எது காரணம் என்று தெரியாதபோது எதையும் விடக்கூடாது என்பது பரிசோதனையின் முதல் விதி. 'தண்ணீர் நிரம்ப இருப்பதாக அப்பா கூறுகிறார் (யூகம்)' என்றும் ஒரு குறிப்பு அதில் இருக்கிறது.

என் மனைவி வாங்கிப் பார்த்தாள். "நான் என்ன கலர் புடவைன்னு எழுதலையா?"

"நீ வரலையே."

"வந்திருந்தா எழுதியிருப்பீங்க."

அவளுக்கு வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. வாரம் இரண்டு நாள் அவள் அதே வண்டியில் மேடவாக்கம் வழியாக ஆபீஸ் போகிறாள். ஒரு நாள்கூடக் கொதித்ததில்லை. "மாமா ஏறினாதான் கொதிக்குது," என்றாள் சாதாரணமாக.

எனக்குப் பளிச்சென்றது. அப்பாவுக்கு ஏ.சி. ஆகாது, தோள் வலிக்கும். ஏ.சி. போட்டால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். போடாவிட்டால் சூடான பிறகு ஒரு சுவிட்ச்தான் அதை எழுப்ப வேண்டும். அந்த சுவிட்ச் படுத்துவிட்டதோ? மெக்கானிக்கிடம் சொன்னேன். "சார், படிச்சவரு படிச்சவருதான்," என்று மாற்றிக் கொடுத்தார். அந்தப் பாராட்டில் ஒரு வாரம் மிதந்தேன், வண்டியும் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு இரண்டும் ஒரே நாளில் இறங்கின.

இதற்கிடையில் நாங்கள் பேசியது அடுத்த அறையில் அப்பா காதில் விழுந்திருக்கிறது.

"நான் உக்காந்தா கொதிக்குதாமே?"

"அப்படி இல்லப்பா. ஏ.சி. போடாததால..."

"அப்போ நான் வரலை. வண்டியாவது நல்லா இருக்கட்டும்."

அவரைச் சமாதானப்படுத்த ஒரு நிரூபணம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் அப்பாவின் எடைக்குச் சமமாக இரண்டு அரிசி மூட்டைகளை வைத்து பெல்ட் போட்டேன். ஏ.சி. இல்லை. பின்சீட்டில் மனைவி. கோவளம் வரை ஓட்டினேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், நல்ல வெயில், நல்ல நெரிசல். முள் அசையவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் வெந்து போனோம். கடற்கரையில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். இதனால் நிரூபணமானது என்னவென்றால், வண்டிக்கு அரிசியோடு பகை இல்லை, அப்பாவோடு இருக்கலாம் என்பதுதான். நினைத்ததற்கு நேர் எதிர். அவரிடம், "வண்டி நல்லா ஓடுச்சுப்பா," என்று மட்டும் சொன்னேன்.

"யார் வந்தாங்க முன்னாடி?"

"யாரும் இல்ல."

"அதான்," என்றார்.

அடுத்து ரேடியேட்டர். உள்ளே உப்பு அடைத்திருக்கும், எங்கள் ஏரியா போர் தண்ணீர் அப்படி என்று மெக்கானிக் தீர்ப்புச் சொன்னார். புதிதாகவே போட்டோம், புது மூடியும் அதோடு வந்தது. ஒரு வாரம் சொர்க்கம். அதற்கடுத்த செவ்வாயும் வியாழனும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றோம். பஸ்ஸில் போகிறவர்கள் எங்களை அடையாளம் கண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை செஷன் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பிசியோதெரபி பெண் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். "அங்கிள், இப்படி விட்டு விட்டு வந்தா கை மறந்துடும். வீட்ல செய்யக் குடுத்த பயிற்சியாவது செய்றீங்களா? மூடி திறந்து மூடுறது?"

"தெனமும் இல்ல. ஆனா செய்றேன்," என்றார் அப்பா. பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்காக நான் வாங்கி வைத்த ஊறுகாய் பாட்டில் மூடியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. 'நான் என்ன குழந்தையா?' என்று அதைத் தள்ளி வைத்திருந்தார்.

மெக்கானிக்கிடம் போனில் பேசினேன். "இஞ்சின் ஹெட்டைப் பிரிச்சுப் பாத்துடலாம் சார். திங்கக்கிழம கொண்டாந்து வுடு. ரெண்டு வாரம் ஆவும்."

இரண்டு வாரம் என்றால் ஆறு செஷன். ஏற்கெனவே ஏழு போயிருந்தது. ஆறு மாதத்தில் நான்கு மாதம் முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பில் பால் காய்வதற்குள் என் மனைவி அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். படிக்க வேறு எதுவும் கையில் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

"ஏங்க, இதுல ஒரு வாரம் நல்லா இருக்கு, ஒரு வாரம் கொதிக்குது. பாத்தீங்களா?"

"ரிப்பேர் பண்ணின வாரம் நல்லா இருக்கும்."

"எந்த ரிப்பேர் பண்ணாலும் சரியா ஒரே வாரமா?"

அவள் விரல் அடுத்த பத்திக்கு நகர்ந்தது.

"கொதிச்ச நாள் எல்லாத்துலயும் கேட் திறந்தது நம்ம ஒல்லி வாட்ச்மேன். கொதிக்காத வாரம் அந்தப் பெரிய மீசைக்காரர்."

எங்கள் குடியிருப்பில் இரண்டு வாட்ச்மேன்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பகல் டியூட்டியும் இரவு டியூட்டியும் மாறும். இதை எழுதி வைத்தவன் நான். நோட்டில் என் கையெழுத்தில், சிவப்பு மையில், தேதிவாரியாக இருந்தது.

"வாட்ச்மேனுக்கும் ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"அதை அவரைத்தான் கேக்கணும்." அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, நீங்க டியூட்டில இருந்தா மட்டும் எங்க வண்டி கொதிக்குதே, என்ன விஷயம்?" அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இன்னா மேடம், என் மேல பழி போட்டுக்கினு! நான் இன்னா பண்ணேன்? பெரியவரு பானட்ட தூக்குன்னாரு, தூக்குனேன். புடின்னாரு, புடிச்சேன். அவ்ளோதான்."

"எப்போ தூக்குனீங்க?" என்றேன்.

"நீ மேல போய் மூஞ்சி கய்விட்டு வருவ இல்ல சார், அப்போதான். அவரே பூட்டைத் தொறந்து, தண்ணி பாத்து, அவரே மூடுவாரு. நான் மூடுறேன்னா வுட மாட்டாரு. டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க, இது எனக்குப் பயிற்சின்னு திட்டுவாரு."

"இதை ஏன் சொல்லலை?"

"நீ எங்க சார் கேட்ட?"

அது உண்மை. இரண்டு மாதமாக நடப்பது இது. பள்ளி விட்டு நான் வந்ததும் அப்பாவை லிஃப்டில் கீழே இறக்கி, வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைப்பேன். எங்கே போவதானாலும் கால் மணி முன்னால் தயாராக இருக்க வேண்டும் அவருக்கு. பிறகு மேலே போய் முகம் கழுவி, காபி குடித்து வருவேன். அந்தக் கால் மணி நேரம் அவரும், சாவியும், வாட்ச்மேனும். மீசைக்காரரிடம் இது நடக்காது. நாற்காலியை விட்டு எழுவதில்லை என்பதை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

அந்த மூடியை வைத்து அழுத்தித் திருப்பினால் பாதியில் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடும். மூடிவிட்டது மாதிரியே இருக்கும். இன்னும் பலமாக அழுத்தித் திருப்பினால்தான் முழுக்க இறுகும். இறுகாவிட்டால் உள்ளே அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். குக்கர் உதாரணம் சொல்லி வருடாவருடம் நான் பிளஸ் ஒன்னுக்கு நடத்துகிற பாடம் இது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒவ்வொரு தடவையும் ரோட்டோரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடியை இறுக்கி, தடயத்தை அழித்துவிட்டு, பிறகு மெக்கானிக்கிடம் போய்க் காரணம் கேட்டவனும் நானே. அதுவும் புது ரேடியேட்டரோடு வந்த மூடி, பழையதைவிட விறைப்பு.

மெக்கானிக்கிடம் திங்கட்கிழமை வரவில்லை என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை அப்பாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். முகம் கழுவாமல் மாடிப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். வாட்ச்மேன் பானட்டைத் தூக்கிப் பிடித்தார். அப்பா வாக்கரில் சாய்ந்து, இடது கையால் மூடியைத் திறந்தார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கையால் மூடியை எடுக்க மூன்று தடவை ஆயிற்று. வைத்தார். விரல்கள் வழுக்கின. மறுபடி வைத்துத் திருப்பினார். வாட்ச்மேன் ஏதோ சொல்ல, 'சும்மா இரு' என்பதுபோலத் தலையை ஆட்டினார். மூடி உட்கார்ந்தது. கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்ததை நான் பக்கவாதத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

சொல்வதா, சொல்லாமல் நானே இறுக்கிவிடுவதா? சொன்னால் அதையும் விட்டுவிடுவாரோ? படியில் இறங்குவதற்குள் மூன்று முறை மனம் மாறியது. கடைசியில் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் பானட் லீவரை இழுத்தேன். அது ஸ்டியரிங்குக்குக் கீழே, அவர் கண்ணுக்கு எதிரேதான் இருக்கிறது.

"எதுக்கு?"

"சும்மா, ஆயில்..."

"நான் எல்லாம் பாத்தாச்சு."

"சரியா மூடியிருக்கான்னு..." என்று தொடங்கி அப்படியே நிறுத்தினேன். பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாய்க்கு வந்தது இதுதான்.

நான் போய் பானட்டைத் தூக்கினேன். எங்கள் இருவருக்கும் நடுவே அந்தத் தகடு. மூடி இரண்டு விரலில் சுழன்றது. இறுக்கினேன்.

"எவ்ளோ சுத்துச்சு?" உள்ளிருந்து கேட்டார்.

கொஞ்சம் என்று சொல்லியிருக்கலாம். "பாதிக்குமேல பாக்கி இருந்துதுப்பா."

"பாதிக்கு மேலயா?"

"ஆமா."

ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கமான நெரிசல். முள் பாதியில் நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம். சானடோரியம் தாண்டியதும் கேட்டார்.

"அப்போ ரேடியேட்டர் நல்லாத்தான் இருந்துதா?"

"நல்லாத்தான் இருந்துது."

"ஃபேன் சுவிட்ச்?"

"அதுவும்."

"அந்த வால்வு?"

"பாவம்ப்பா அது."

கொஞ்ச தூரம் போனதும் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "உன்னை நம்பி அந்த ஸ்கூல்ல புள்ளைங்களை அனுப்புறாங்களேடா," என்றார்.

அன்றைக்கு ஐந்து மணி இருபதுக்கே போய்ச் சேர்ந்தோம். கைக்கு என்ன வேலை முதலில் வர வேண்டும் என்று பிசியோதெரபி பெண் எப்போதும் கேட்பாள். எல்லாம்தான் என்று சலித்துக்கொள்வார். அன்று, "ரேடியேட்டர் மூடி," என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அதன்பின் அவர் ஒரு நடைமுறை வகுத்தார். மூடி போடுவது அவர். சரிபார்ப்பது நான். மிச்சம் எவ்வளவு என்று கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். மீசைக்காரர் வாரங்களில் பானட்டைத் தூக்குவதும் நான். பாதி, பாதி, பாதிக்குக் கொஞ்சம் குறைவு, மறுபடி பாதி. இப்படியே ஐந்தாவது மாதம் முழுக்கப் போனது. வண்டி ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை. ஒரு செஷனும் விடவில்லை. ஆனால் மூடி மட்டும் அந்தப் பாதியைத் தாண்டுவேனா என்றது.

ஆறாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காபி குடித்துவிட்டு வந்தேன். அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஒல்லி வாட்ச்மேன் கேட் பக்கம் நின்றிருந்தார். பானட்டைத் தூக்கி மூடியைத் திருப்பினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன். இறுகியிருந்தது.

வாட்ச்மேன் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினேன். "நீங்க ஏதாவது கை வெச்சீங்களா?"

"நான் தொடவே இல்ல சார்." அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு தேவையில்லாமல் ஒரு தடவை, "சத்தியமா," என்றார்.

"எவ்ளோ?" என்று வண்டிக்குள்ளிருந்து குரல்.

"ஃபுல்லா இருக்குப்பா."

பானட்டை இறக்கினேன். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

"அவன் போட்டானா?"

"இல்லைங்கறார்."

"நீ நம்புறியா?"

ஒரு முடிவு வந்தால் அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், ஒரு தடவை வந்ததெல்லாம் முடிவில்லை என்று வகுப்பில் சொல்கிறவன் நான். மூடியைக் கழற்றி, என் கண் முன்னால் இன்னொரு தடவை போடச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கை பானட் லீவர் வரைக்கும் போனது. அவரும் அதைப் பார்த்தார்.

"லேட்டாவுது, வண்டிய எடு," என்றார்.

எடுத்தேன்.